ஹனுஷின் போல்காவில் ஒரு மிதி

பிர்னோ, 3 மார்ச் 1995

அன்புள்ள எடித்தா,

பிளாங்காதான் எழுதுகிறேன். கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துப் போட்டுவிடாதே. பேசாமல் ஒரு வருடம் ஓடிவிட்டது. சரி, நானே இறங்கி வருகிறேன்.

போர் முடிந்து ஐம்பது வருடம். மே மாதம் இங்கே யூத ஜெப ஆலயத்தில் மறுபடியும் நினைவுக் கச்சேரி. யூதர்களை அடைத்துவைத்த தெரெசின் முகாமில் உன் அண்ணன் ஹனுஷ் எழுதிய போல்கா நடன இசையைத்தான் கடைசியாக வாசிக்கப் போகிறார்கள். நீ வர வேண்டும்.

ஆனால் போன வருடம் மாதிரி மானத்தை வாங்காதே. முதன்முதலாக அதை வாசிக்கிறார்கள், மண்டபமே கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்கிறது, ஹைஃபாவிலிருந்து பறந்து வந்த சொந்தத் தங்கை நீ கெக்கெக்கே என்று சிரிக்கிறாய். "வெட்கமா இல்லையாடி?" என்று கேட்டது தப்பா? எழுந்து போனவள்தான். எனக்கு இன்னும் ஆறவில்லை.

உன்,
பிளாங்கா

ஹைஃபா, 19 மார்ச் 1995

அடி பிளாங்கா,

கிழிக்கவில்லை. உன் கையெழுத்தைப் பார்த்ததும் அழுதுவிட்டேன், போதுமா?

சிரிக்காமல் என்ன செய்வேன்? துள்ள வேண்டிய போல்காவை அந்தப் பிள்ளைகள் சவ ஊர்வலம் மாதிரி இழுத்தார்கள். ஒவ்வொரு சுற்றிலும் நடுவில் எல்லா வயலினும் சட்டென்று நிற்க, செல்லோ மட்டும் ஒரு முறை உறுமுகிறதே, அதற்கு நிகழ்ச்சித் தாளில் 'மரணத்தின் காலடி' என்று விளக்கம். மரணமாவது மண்ணாங்கட்டியாவது! அது உன் காலடி.

1940-இல் யூதப் பிள்ளைகளுக்கு நடன வகுப்பு கிடையாது என்றார்களே, யூதப் பெண் இல்லை என்றாலும் நீயும் போக மாட்டேன் என்று எங்கள் வீட்டுச் சமையலறைக்கு வந்தாயே. மேஜையைத் தள்ளிப் போட்டுவிட்டு ஹனுஷ் உன்னோடு ஆடுவான். நீ அவன் காலை மிதிப்பாய். அவன் "ஐயோ" என்பான். மறுபடியும் முதலிலிருந்து. முகாமில் என் பக்கத்தில், ஒட்டிய வயிற்றோடு உட்கார்ந்து அதைத்தான் எழுதினான். "பிளாங்கா மிதிக்கிற இடம் வந்தாச்சு" என்று அவனே சிரித்தான். அவனைக் கொல்லக் கொண்டுபோனபோது அந்தத் தாள்களும் அவனோடு போய்விட்டன என்று நினைத்திருந்தேன்; யாரோ ஒளித்து வைத்துக் காப்பாற்றியிருக்கிறார்கள். அன்று கச்சேரி முடிந்ததும் உன்னிடம் சொல்லத்தான் துடித்தேன். நீ எங்கே வாயைத் திறக்க விட்டாய்?

வேகமாக வாசித்தால் வருகிறேன். அவனை இரண்டாம் தடவை புதைப்பதைப் பார்க்க என்னால் முடியாது.

எடித்தா

பிர்னோ, 12 ஏப்ரல் 1995

என் எடித்தா,

உன் கடிதத்தை டிராம் நிறுத்தத்தில் நின்றே படித்தேன். டிராம் போய்விட்டது. நடந்தே, இல்லை, ஓடியே ஒத்திகைக்குப் போனேன். முதல் வயலின்காரன் ராதிம் படித்துவிட்டுத் தலையில் கைவைத்துக்கொண்டான். பிறகு என் கையைப் பிடித்து, "எப்படி மிதிப்பீங்கன்னு காட்டுங்கம்மா" என்றான். எழுபத்திரண்டு வயதில் ஆடினேன்! அவனுடைய புது ஷூவை ஒரே மிதி. செல்லோக்காரப் பெண் சிரித்த சிரிப்பில் வில் கீழே விழுந்தது. இப்போது பறக்கிறார்கள்.

விழாக் குழுத் தலைவர் குபாசெக்தான் முறைக்கிறார். நினைவுக் கச்சேரியில் கைதட்டக்கூட அனுமதி இல்லை, குதியாட்டமா என்கிறார். "அவன் செத்ததையே நினைக்கிறீங்க. உயிரோட இருந்ததையும் கொஞ்சம் நினைங்க" என்றேன். அவர் தடுக்கவில்லை. வா!

பிளாங்கா

ஹைஃபா, 24 ஏப்ரல் 1995

கண்ணு பிளாங்கா,

குளியலறையில் வழுக்கி இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டேன். விமானம் ஏறக்கூடாதாம். டாக்டரோடு போட்ட சண்டையில் தோற்றுவிட்டேன். எனக்கும் சேர்த்து நீ சிரி. மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாயோ, அப்புறம் ஜென்மத்துக்கும் பேச மாட்டேன்.

எடித்தா

பிர்னோ, 9 மே 1995

எடித்தா, என் எடித்தா,

வாசித்துவிட்டார்கள்! உன் நாற்காலியில் என் கோட்டை வைத்து இடம் பிடித்துக்கொண்டேன். முதல் மிதி வந்ததும் வாய்விட்டுச் சிரித்தேன். குபாசெக் திரும்பிப் பார்த்தார். அடுத்த மிதிக்குப் பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். கடைசி மிதிக்கு மண்டபமே சிரித்தது. முடிந்ததும் விதிப்படி நிசப்தம். நான் மட்டும் தட்டினேன். பிறகு எல்லோரும் தட்டினார்கள், குபாசெக்கும்தான்.

உன்னிடம்கூடச் சொல்லாத ஒன்று உண்டு. எனக்கு நன்றாகவே ஆட வரும். வேண்டுமென்றேதான் மிதித்தேன். மிதித்தால்தான் கையை விடாமல் முதலிலிருந்து ஆரம்பிப்பான். அவனுக்கு அது தெரியாது என்றே இத்தனை காலம் நினைத்திருந்தேன்.

வேகமாக வாசித்தபோதுதான் கேட்டது. ஒவ்வொரு சுற்றிலும் மிதி முந்தைய சுற்றைவிடக் கொஞ்சம் முன்னதாகவே வருகிறது. நானும் பொறுக்க முடியாமல் அப்படித்தான் மிதிப்பேன். கவனித்திருக்கிறான், எடித்தா. எல்லாம் தெரிந்தேதான் காலைக் கொடுத்திருக்கிறான்.

உன்,
பிளாங்கா