கல்லைக் கழுவிய கோடை

செப்டம்பர் 9, ஞாயிறு

குடைமிளகாய் நாற்றையும் கத்தரி நாற்றையும் இன்றே நட்டுவிட்டேன். நடக்கூடாது என்று தெரியும், குளிர்காலம் இப்போதுதான் முடிந்திருக்கிறது. நவம்பரில் மெல்போர்ன் கப் பந்தயக் குதிரைகள் ஓடி முடிக்கும்வரை எங்கள் பெண்டிகோ ஊரில் யாரும் நட மாட்டார்கள். ஆனால் நவம்பர் வரைக்கும் யார் காத்திருப்பது? என் கணவன் டெஸ் காலையில் அரை முட்டை சாப்பிட்டான். மதியம் அதுவும் இல்லை.

பக்கத்து வீட்டு ரோக்கோ வேலிக்கு மேலே தலையை நீட்டினான். "நோலீன், உனக்கென்ன பைத்தியமா? ஒரு பனி போதும், மொத்தமும் போயிரும்."

"போனா போகட்டும். நீ உன் வேலையைப் பாரு."

அவன் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

செப்டம்பர் 12, புதன்

மருத்துவமனை. டெஸ்ஸின் தொண்டைக்குக் கதிர்வீச்சு கொடுத்து முடித்து மூன்று மாதமாகிறது. கட்டி போய்விட்டது என்கிறார்கள். கூடவே அவன் நாக்கின் ருசியும் போய்விட்டது. விழுங்க முடிகிறது, விழுங்க விருப்பம்தான் இல்லை. இறைச்சி வாயில் பட்டால் ஆணியை நக்குவதுபோல் இருக்கிறதாம். இந்த மனிதன்தான் வெள்ளிக்கிழமை தவறாமல் தெருவுக்கே இறைச்சி சுட்டுப் போட்டவன்!

எடை இப்படியே இறங்கினால் வயிற்றில் குழாய் வைத்து உணவு செலுத்த வேண்டியிருக்கும் என்றார் டாக்டர். ஜனவரியில் முடிவு செய்வார்களாம். உணவு ஆலோசகர் பெண் மட்டும் கொஞ்சம் நல்ல வார்த்தை சொன்னாள்: "ருசி மெதுவாத் திரும்பும். இறைச்சியை விடுங்க. தீயில சுட்ட காய்கறி, வாசனை இலை, எலுமிச்சை, இப்படி ஏதாவது குடுத்துப் பாருங்க."

அதனால்தான் இந்தத் தோட்டம். டெஸ்ஸிடம் காரணம் சொல்லவில்லை. சொன்னால் அதையும் பாரமாக நினைப்பான்.

செப்டம்பர் 18, செவ்வாய்

உறைபனி. எல்லா நாற்றும் கறுத்துத் தொங்குகிறது. ரோக்கோ வேலிக்கு மேலே எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டான். அதுதான் இன்னும் எரிச்சல்.

அக்டோபர் 14, ஞாயிறு

பனிக்குப் பயப்படாதவற்றை மட்டும் வைத்திருக்கிறேன். ரோஸ்மேரி, தைம், ஓரிகானோ என்று வாசனை இலைகள், கூடவே வெங்காயத்தாள். ரோஸ்மேரி என்னைவிடத் தைரியசாலி, எதற்கும் அசைவதில்லை.

டெஸ் பின்பக்கம் வருவதே இல்லை. அவன் கையால் செங்கல் வைத்துக் கட்டிய அடுப்பு அங்கேதான் இருக்கிறது, குளிர்காலம் முழுக்கத் தார்ப்பாய் போர்த்தியபடி. யார் வீட்டிலாவது சுடுகிற புகை வந்தால் எழுந்து போய் ஜன்னலைச் சாத்துகிறான்.

பெல்ட்டில் புதிதாக ஓர் ஓட்டை போட்டிருக்கிறான். நான் பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

நவம்பர் 6, செவ்வாய். கப் நாள்

ஊரே தொலைக்காட்சி முன்னால். நான் மண்ணில். எந்தக் குதிரை ஜெயித்தது என்று தெரியாது. குடைமிளகாய், கத்தரி, வெள்ளரிபோல் காய்க்கும் சுக்கினி நட்டாயிற்று, மக்காச்சோளமும் விதைத்தாயிற்று. ரோக்கோ தன் கத்தரி நாற்றில் பாதியை வேலி வழியாகக் கொடுத்தான். "இது எங்க அப்பா சொந்த ஊரு கலாப்ரியாவிலேர்ந்து கொண்டுவந்த விதை. கொன்னுடாதே."

இப்போது அந்தக் கவலை வேறு.

நவம்பர் 21, புதன்

நத்தைகள். சோள முளையை வரிசையாக மேய்ந்துவிட்டன. கிண்ணத்தில் பீர் ஊற்றிப் பொறி வைத்திருக்கிறேன். டெஸ் குடிக்காத பீரை நத்தையாவது குடிக்கட்டும்.

எழுதிவிட்டு அழுதேன். எதற்கு அழுகிறேன்? சோளத்துக்கா?

நவம்பர் 25, ஞாயிறு

சோளம் மறுபடி விதைத்தேன்.

டிசம்பர் 15, சனி

முதல் சுக்கினி! ஓவனில் வாட்டி, தைம் தூவி, எலுமிச்சை பிழிந்து வைத்தேன். டெஸ் ஒரு துண்டை வாயில் போட்டு நெடுநேரம் மென்றான். பிறகு தட்டை மெதுவாகத் தள்ளினான்.

"நல்லாத்தான் இருக்கும் நோல். எனக்குத்தான் தெரியல. ஈர அட்டையைத் தின்ற மாதிரி இருக்கு."

திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. இந்தப் பணிவுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. டெஸ் பணிவானவன் இல்லை.

டிசம்பர் 22, சனி

ஓவன் என்றால் புகை இல்லையே. புகை இல்லாவிட்டால் அவன் நாக்கு எப்படி விழிக்கும்? அந்த உணவு ஆலோசகர் பெண் தீயில் சுட்டது என்றுதானே சொன்னாள்? அவன் பற்றவைக்காவிட்டால் நானே பற்றவைக்கிறேன் என்று முடிவு செய்தேன்.

அவன் தூங்கும்போது தார்ப்பாயை எடுத்தேன். செங்கல் இடுக்கில் முதுகில் சிவப்புக் கோடு போட்ட விஷச் சிலந்தி ஒன்று. அதை முடித்தேன். அடுப்பின் மேலிருந்த பெரிய இரும்புக் கல் கரேலென்று எண்ணெய்ப் பிசுக்காக இருந்தது. நோயாளிக்குச் சமைக்கிற கல் இப்படியா இருப்பது? வெந்நீர், சோப்பு, கம்பி நார். தோள் கழன்றுபோகும்வரை தேய்த்தேன். கடைசியில் பளபளவென்று என் முகமே தெரிந்தது. எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

டெஸ் பின்கதவில் நின்றிருந்தான்.

"என்னடி பண்ணின?"

"கழுவினேன்."

"சோப்புப் போட்டா?"

அவன் முகம் போன போக்கைப் பார்த்த பிறகுதான் உறைத்தது. இந்தத் தெருவில் இறைச்சி சுடுகிறவனின் இடுக்கியை இன்னொருவர் தொட மாட்டார்கள், கல்லை யாரும் கழுவ மாட்டார்கள். மரக் கரண்டியால் சுரண்டி, எண்ணெய் தடவி மூடுவார்கள், அவ்வளவுதான். எத்தனை வருஷமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்! எப்படி மறந்தேன்?

"பதினெட்டு வருஷம் பழக்கின கல்லு! வெங்காயம் ஒட்டாது, முட்டை ஒட்டாது. நாளைக்கே துரு புடிக்கும் பாரு! என் கல்லு மேல கைவைக்க யாரு சொன்னது உனக்கு?"

கதிர்வீச்சுக்குப் பிறகு அந்தக் குரல் இவ்வளவு உயர்ந்து நான் கேட்டதில்லை. பாதியில் கீறிக்கொண்டு நின்றது. எனக்கும் பொறுக்கவில்லை.

"கல்லு போனதுக்கு இந்தக் கத்து கத்துற! நீ கண்ணு முன்னாடி கரைஞ்சு போயிட்டிருக்கியே, அதுக்கு நான் யார்கிட்ட போய்க் கத்தறது? நீ சாப்பிட மாட்டியா, ஒரு வாய் சாப்பிட மாட்டியான்னுதானே நான் இந்த மண்ணுல கெடந்து சாகறேன்!"

வேலிக்கு அந்தப்புறம் ரோக்கோவின் தண்ணீர்க்குழாய் சட்டென்று நின்றது. டெஸ் உள்ளே போய்விட்டான். கெடுத்துவிட்டேன். இருந்த ஒன்றையும் கெடுத்துவிட்டேன்.

டிசம்பர் 23, ஞாயிறு

சொன்னபடியே துரு. ஆரஞ்சு நிறத்தில், கல் முழுக்க.

டிசம்பர் 25, செவ்வாய்

கிறிஸ்துமஸ். பெர்த்திலிருந்து மகள் பேசினாள். "அப்பா எப்படியிருக்கார்?" "நல்லாயிருக்கார்" என்றேன். டெஸ் என்னைப் பார்த்தான். கஸ்டர்டு மட்டும் குடித்தான்.

டிசம்பர் 26, புதன்

காலையில் எழுந்தால் பக்கத்தில் டெஸ் இல்லை. பயந்து ஓடினேன். பின்பக்கம் குந்தி உட்கார்ந்து, பழைய துணியால் துருவைத் துடைத்துக்கொண்டிருந்தான். அடுப்பில் விறகு எரிகிறது. பாதி வெங்காயத்தை முள்கரண்டியில் குத்தி, எண்ணெயில் தோய்த்துக் கல்லில் தேய்த்தான். புகை எழும்பியது. அவன் விலகிப் போகவில்லை.

"ஒரு தடவை போதாது," என்றான் என்னைப் பார்க்காமல். "இதைத் திரும்பத் திரும்பச் சுடணும். உன் வெங்காயத்தாளைக் கொஞ்சம் குடு. கல்லுக்குத்தான்."

கல்லுக்குத்தான். சரி.

டிசம்பர் 30, ஞாயிறு

தினமும் கல்லைப் பழக்குகிறான். வெங்காயத்தாள், உப்பு, எண்ணெய். இன்று என்னைக் கேட்காமல் ரோஸ்மேரியில் நீளமாக ஒரு கொத்தை ஒடித்து நூலால் கட்டி, அதையே எண்ணெய் தடவும் தூரிகையாக்கிக்கொண்டான். வெந்த கத்தரித் துண்டுகளை எனக்கும் ரோக்கோவுக்கும் போட்டான். தனக்கு எடுத்துக்கொள்ளவில்லை.

ரோக்கோ ஒரு துண்டைத் திருப்பிப்போட இடுக்கியை எடுத்தான். "வை கீழே," என்றான் டெஸ். ரோக்கோ வைத்துவிட்டு என்னைப் பார்த்துக் கண் சிமிட்டினான். நான் சிரித்தேன். ஆனால் சாப்பிடவில்லையே! அடுப்பு பற்றவைத்து என்ன, சாப்பிடவில்லையே!

ஜனவரி 4, வெள்ளி

கடும் வெயில், முழுத் தீத்தடை. ஊரில் ஒருவரும் விறகு பற்றவைக்கக் கூடாது. குடைமிளகாய்ச் செடிகளுக்குப் படுக்கை விரிப்பைக் கட்டி நிழல் போட்டேன். டெஸ் ரேடியோவை விட்டு நகரவில்லை. "தடையை எப்போ எடுப்பாங்க?" என்று கேட்டுக்கொண்டே இருந்தான்.

ஜனவரி 5, சனி

தடை எடுத்துவிட்டார்கள். காபி குடிப்பதற்கு முன்பே விறகு அடுக்கிவிட்டான்.

ஜனவரி 13, ஞாயிறு

புதன்கிழமை மருத்துவமனை. காலையிலிருந்து ஒரே பாத்தியை இரண்டு தடவை கொத்திவிட்டேன். அவனை எடை பார்க்கச் சொல்லத் தைரியமில்லை.

மாலையில் கத்தரி, குடைமிளகாய், சுக்கினி மூன்றையும் நான்தான் நறுக்கி, ரோஸ்மேரி கிள்ளிப் போட்ட எண்ணெயில் ஊறவைத்துக் கொடுத்தேன். அவன் சுட்டான். கல் மறுபடி கறுத்துவிட்டது. ஒன்றும் ஒட்டவில்லை. வெந்திருக்கிறதா என்று பார்க்க ஒரு கத்தரித் துண்டைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டான், முன்பெல்லாம் செய்வது போலவே. முகத்தைச் சுளித்தான்.

"ரோஸ்மேரி ஜாஸ்தி," என்றான்.

எனக்குக் கோபம் சுர்ரென்று வந்தது. "ஆமா, நான் என்ன போட்டாலும் உனக்கு ஜாஸ்திதான். காலையிலேர்ந்து நிக்கிறேன்—"

வேலியோரம் நின்ற ரோக்கோ, "நோலீன்," என்றான். "அவன் என்ன சொன்னான்னு கேட்டியா?"

அப்புறம்தான் கேட்டது. டெஸ்ஸுக்கும் அப்போதுதான் கேட்டிருக்க வேண்டும். இடுக்கியைப் பிடித்தபடி அப்படியே நின்றான். இன்னொரு துண்டை எடுத்து வாயில் போட்டான். மெதுவாக மென்றான். கண் கலங்கியது; புகை என்று சொல்லிக்கொண்டான்.

"ஆமா நோல். ஜாஸ்தி. ரொம்ப ஜாஸ்தி."

தட்டு எடுத்துவர உள்ளே போனேன். எந்த அலமாரியில் தட்டு இருக்கும் என்றே தெரியவில்லை எனக்கு.

ஜனவரி 16, புதன்

எடை இறங்கவில்லை. ஏறவும் இல்லை. டாக்டர் தாளைப் பார்த்தார், டெஸ்ஸைப் பார்த்தார், குழாய்ப் பேச்சை எடுக்கவில்லை. ஒரு மாதம் கழித்து வரச் சொன்னார்.

காரில் டெஸ் ஒரே ஒரு கேள்விதான் கேட்டான். வெள்ளிக்கிழமைக்குள் சோளம் முற்றிவிடுமா என்று. எதற்கு என்றேன். தெருவையே சாப்பிடக் கூப்பிட்டுவிட்டானாம், என்னை ஒரு வார்த்தை கேட்காமல்.

வந்ததும் போய்ப் பார்த்தேன். நத்தை தின்றது போக நிற்பது கொஞ்சம்தான், அதிலும் பாதி பிஞ்சு. எதிர்வீட்டுப் பையன்கள் ஆளுக்கு மூன்று கதிர் தின்பார்கள். டெஸ்ஸுக்கென்று இரண்டையாவது ஒளித்து வைக்க வேண்டும். எப்படிப் பார்த்தாலும் பத்தாது.