கையை நீட்டினால் போதும்

அன்புள்ள தம்பிக்கு,

முதலில் என் மானம் போன கதை. இதயத்துக்குத் தொடை வழியாகத்தான் குழாய் விடுவார்கள் என்று பயமுறுத்தினாயே, அதை நம்பி இடுப்புக்குக் கீழே நானே மழித்துக்கொண்டு போனேன். டாக்டர் என் வலது மணிக்கட்டைத் தடவிப் பார்த்து, “இங்கேதான்” என்றார். நர்ஸ் சிரிப்பை அடக்க ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஊசி குத்தின மாதிரிதான் இருந்தது. அடைப்பை எடுத்துவிட்டு, மணிக்கட்டில் ஒரு பட்டையை இறுக்கிக் கட்டி, உட்காரவைத்துக் காபி கொடுத்தார்கள்.

உனக்கும் நாள் குறித்தார்கள். ஒரு தடவை பல்வலி என்றாய், அடுத்த தடவை மழை என்றாய். ஆஸ்பத்திரிக்குக் கூரை இருக்கிறது, மகராசா. அப்பாவும் இப்படித்தான் நாளைக்கு நாளைக்கு என்றார். அவர் கண் மூடிய நாற்காலியில்தான் இன்னும் ஆட்களை உட்காரவைத்து முடி வெட்டுகிறேன். அதையெல்லாம் எழுதாதே என்கிறாள் உன் அண்ணி.

வெள்ளிக்கிழமை காலையில் ஆட்டோவோடு உன் வாசலில் நிற்பேன். சாக்குச் சொல்லாமல் கையை நீட்டு.

எனக்கு வலது கையில் பேனா பிடிக்கலாமாம், கத்தி மட்டும் ஒரு வாரத்துக்கு ஆகாதாம். அதனால் நேற்று உன் மாமனாருக்கு இடது கையால் சவரம் செய்தேன். அவருக்கு இப்போது ஒரு பக்கம் மீசை இருக்கிறது.

இப்படிக்கு,
உன் அண்ணன்