மூன்றாவது பல்

என் பிரியத்துக்குரிய அப்பாவுக்கு,

"அந்தப் பல்லைப் பிடுங்க வேண்டாம்" என்று அன்றைக்கு நான் சொல்லவில்லை. மதுரையில் அந்தப் பல் கிளினிக்கின் பெஞ்சில், உங்கள் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். இடது கன்னத்தில் பஸ் காற்று படக்கூடாதென்று சோழவந்தானிலேயே கட்டிய துண்டை நீங்கள் இன்னும் அவிழ்க்கவில்லை. ஏற்கெனவே இரண்டு பற்கள் போயிருந்தன. வலி போகவில்லை. இது மூன்றாவது.

காரணம் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருப்பவர் வெற்றிலை போடாமல் இருப்பாரா, போட்ட வெற்றிலை பல்லைத் தின்னாமல் விடுமா? உங்கள் அக்கா, என் அத்தை, வாசலிலேயே ஆரம்பித்துவிடுவாள். "கொடிக்கால்ல ஆடு புகுந்தாக்கூட இம்புட்டு வெத்தல திங்காதுடா தம்பி." நீங்கள் சிரிக்கப் போய், பாதியில் முகத்தைப் பிடித்துக்கொள்வீர்கள். வாயை அசைத்தாலே மின்னல்போல வெட்டும்.

எனக்கு மட்டும் ஒரு சந்தேகம் இருந்தது. நர்சிங் படிக்கும் தோழியின் புத்தகத்தை இரவல் வாங்கிப் படித்திருந்தேன். முகத்துக்கும் வாய்க்கும் பக்கத்துக்கு ஒன்றாக ஒரு பெரிய நரம்பு. பல், ஈறு, கன்னம், தாடை, எங்கே வலித்தாலும் அது அந்தச் செய்தியை மூளைத்தண்டுக்குக் கொண்டுபோகிறது. அங்கே, கழுத்துவரை நீளும் ஒரு செல் வரிசையில், பல இடத்துச் செய்திகள் ஒரே செல்லில் வந்து விழுகின்றன. எது எங்கிருந்து வந்தது என்று மூளைக்கே சில சமயம் பிடிபடுவதில்லை.

சிலருக்கு அந்த நரம்பு மூளைத்தண்டில் நுழைகிற இடத்தை ஓர் இரத்தக்குழாய் அழுத்திக்கொண்டே இருக்குமாம். நரம்பின் உறை தேய்ந்துபோகும். பிறகு காற்று பட்டாலே போதும். பல் ஒரு தப்பும் செய்திருக்காது. ஆனாலும் பல்தான் வலிக்கும்.

ஏன் சொல்லவில்லை? நான் படித்தது அரைகுறை. எதிரே எக்ஸ்ரேயும் கையுமாக டாக்டர். எல்லாவற்றுக்கும் மேலாக, நீங்கள் என் கையைத் தட்டிச் சொன்னது.

"இதோட முடிஞ்சுரும் தாயி. எதுன்னு தெரிஞ்சுபோச்சுல்ல."

பல மாதத்துக்குப் பிறகு அன்றுதான் உங்கள் முகத்தில் நிம்மதியைப் பார்த்தேன். அதைக் கலைக்க எனக்கு மனம் வரவில்லை. அது அன்பா, கோழைத்தனமா? இன்னும் தெரியவில்லை அப்பா.

அம்மா சாயங்காலம்தோறும் ஒரு வெற்றிலையில் நல்லெண்ணெய் தடவி, அனலில் வாட்டி, உங்கள் கன்னத்தில் ஒட்டுவாள். ஒட்டும்போது உங்கள் கால்விரல்கள் மடங்கிக்கொள்ளும். எப்படி இருக்கிறது என்று கேட்பாள். "நல்லாருக்கு. இன்னுங் கொஞ்ச நேரம் இருக்கட்டும்" என்பீர்கள். துணி உரசினாலே துடிக்கும் இடம் அது. நீங்களும்தான் சொல்லவில்லை.

சரியான மாத்திரையை ஒரு நரம்பு டாக்டர் எழுதிக்கொடுத்தபோது அந்த மூன்றாவது பல் போய் ஏழு மாதம் ஆகியிருந்தது. மூன்று வாரம் வலியில்லாமல் சாப்பிட்டீர்கள். பிறகு மாரடைப்பு. அதற்கும் முகத்துக்கும் சம்பந்தமில்லை என்றார்கள். நம்புகிறேன். நம்பி நம்பி அலுத்துவிட்டது.

கொடிக்காலை இப்போது சித்தப்பா பார்த்துக்கொள்கிறார். நான் திருமங்கலத்துக்கு வேலைக்குப் போய்வருகிறேன். வீடு திரும்பினால் பேசக்கூடத் தெம்பிருப்பதில்லை. அந்த இலை உங்களுக்கு எவ்வளவு இதமாக இருந்தது என்று அம்மா இன்னும் வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறாள். போன வாரம் பரவையிலிருந்து வந்த பெரியம்மாவுக்குப் பல்வலி. அம்மா இலையோடு அடுப்படியிலிருந்து வந்தாள். நான் குறுக்கே போய், காற்று பட்டால் வெட்டி இழுக்கிறதா, தொட்டால் தாங்க முடிகிறதா என்று பெரியம்மாவிடம் ஒவ்வொன்றாகக் கேட்டேன்.

"சொத்தப் பல்லுடி இது. என்னமோ போலீஸ்காரி மாதிரி கேக்குறியே" என்றாள்.

இலையைப் பற்றி அம்மாவிடம் சொல்ல மாட்டேன். அது உங்கள் ரகசியம். ஆனால் இனி என் பக்கத்தில் யார் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாலும், சிரித்தாலும் திட்டினாலும், கேட்டுவிடுவேன். இது உங்களுக்கு நான் கொடுக்கும் வாக்கு.

அன்றைக்கு அந்தப் பல்லைப் பிடுங்கினார்கள். துண்டின் நுனியில் முடிந்து வீட்டுக்குக் கொண்டுவந்தீர்கள். அதில் சொத்தை இல்லை. மூன்றாம் நாள் காலை முகம் கழுவும்போது, பல் இல்லாத அந்த இடத்தில் மறுபடியும் வலித்தது.

நீங்கள் 'தாயி' என்று கூப்பிட்ட,
உங்கள் மகள்