பிரளயக் கட்டுரையின் கடைசிப் பத்தி

நடந்ததை நடந்தபடியே எழுதப்போகிறேன். வங்க மொழியில் எழுதினால் உன் அம்மா படித்துவிடுவார், அதனால் தமிழில்.

இன்று மாலை பள்ளித் தாழ்வாரத்தில் சுவர்ப் பத்திரிகை ஒட்டினோம். மைதாப் பசையின் புளித்த வாசனை வந்ததும், நீ பக்கத்தில் நிற்கிறாய் என்று திரும்பிப் பார்த்தேன்.

இந்த வருடத்தோடு உலகம் முடிந்துவிடும் என்று டிராமில்கூடப் பேசிக்கொண்டார்கள். அதைக் கேட்டுத்தான் 'புத்தகங்களில் உலகத்தின் முடிவு' என்று இந்தப் பத்திரிகைக்குக் கட்டுரை ஆரம்பித்தோம். நான் படித்துச் சொல்ல, கையெழுத்து நன்றாக இருந்த நீ எழுதினாய். பழைய கதைகளில் தெய்வம் வெள்ளத்தையோ தீயையோ அனுப்பும். ஆலிலையில் ஒரு குழந்தை மிதக்கும், படகில் கொஞ்சம் விதை மிஞ்சும். கரியாஹாட் கடைத்தெரு நடைபாதையில் வாங்கிய பழைய நாவல்களில் சூரியன் ஆறிப்போகும், கொள்ளைநோய் வரும். பின்னால் வந்தவற்றில் மனிதனே குண்டு போட்டுக்கொள்வான்.

'எப்போதும் ஏதோ ஒன்று மிஞ்சும்' என்று முடிக்கச் சொன்னேன். நீ பேனாவை மூடிவிட்டாய்.

"எல்லாருக்கும் சேர்ந்து முடிஞ்சா அதுல பயப்பட என்ன இருக்கு? ஒருத்திக்கு மட்டும் முடியுற கதையைத் தேடு."

அதற்குள் உனக்கு வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போக டிக்கெட் எடுத்தாகிவிட்டது.

அங்கே பேசுவதற்காக, நீ காக்கிமா, அதாவது சித்தி, என்று கூப்பிடும் என் அம்மாவிடம் தமிழ் கற்க வந்தாய். 'தண்ணி வேணும்', 'வலிக்குது' என்று சொல்லிக்கொடுத்தாள்.

"காக்கிமா, வலிக்கலன்னா எப்படிச் சொல்லணும்? அதுவும் ஒருநாள் வேணுமில்ல?"

அம்மா அதையும் சொல்லிவிட்டு, பால் பொங்குகிறது என்று உள்ளே போனாள். அடுப்பில் பால் இல்லை.

ஹவுராவில் ரயில் ஜன்னலிலிருந்து, கடைசிப் பத்தியைத் திரும்பி வந்து எழுதுவதாகச் சொன்னாய். உன் அப்பாவும் அம்மாவும் மட்டும் திரும்பினார்கள்.

அப்புறமும் தேடினேன். இறந்துபோகிறவர்களைப் பற்றி நிறையப் புத்தகங்கள் இருக்கின்றன. ஆனால் அவற்றில் மறுநாள் பால்காரர் வருகிறார், ஜன்னலைத் திறக்கிறார்கள். உலகம் முடிந்ததாக யாரும் எழுதவில்லை.

ஆகவே என் கோணல் வங்காள எழுத்தில் இன்று இப்படி முடித்தேன்: 'ஒருத்திக்கு மட்டும் உலகம் முடிவதை எந்தப் புத்தகத்தில் எழுதியிருக்கிறார்கள் என்று எங்களுக்குத் தெரியவில்லை. தெரிந்தவர்கள் சொல்லவும்.'

கீழே இருவர் பெயரையும் எழுதினேன். இறந்தவர் பெயருக்கு முன் இங்கே போடுவார்களே, பிறையும் புள்ளியும், அதை உன் பெயருக்குப் போடச் சொன்னார் மிஸ். போடவில்லை. கேள்வி உன்னுடையது, பதிலுக்கு நீயும்தான் காத்திருக்கிறாய் என்றேன். அவர் வற்புறுத்தவில்லை.

தேடுவதை நான் விடவில்லை. படியில் உட்கார்ந்து இதுவரை எழுதியாயிற்று. தாழ்வாரத்து விளக்குகளை அணைத்துவிட்டார்கள்.