பலகைக்குக் கீழே ஒருவர்

நேற்று உன் மாமி மகள் அனுப்பிய பொதி வந்தது. சணல் கயிற்றை அறுத்ததும் முதலில் எழுந்தது விளாம்பிசின் மணம். பிறகுதான் உள்ளே உன் தையற்பெட்டியும் ஒரு சோடி சப்பாத்தும் இருப்பதைக் கண்டேன். நுனி கறுத்து, நாடா பழுப்பேறிய சப்பாத்து. மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் இருந்தேன். நீ கண்ணை மூடி இரண்டு மாதமாகிறது. கொழும்பிலிருந்து கடிதம் வந்த அன்று எனக்கு அழுகை வரவில்லை. நேற்று வந்தது.

நுனிக்காலில் நின்று ஆடுவதற்கு உன் பப்பா செய்த சப்பாத்து. அவர் கதவும் கட்டிலும் செய்கிற ஓடாவி. காலுக்குப் போடுவது அவர் தொழிலில்லை. நீ கொழும்பிலிருந்து கொண்டுவந்த தேய்ந்த சோடியொன்றைப் பிரித்துப் பார்த்தே கற்றுக்கொண்டார். தோணிக்காரரிடம் வாங்கிய பழைய பாய்ச்சீலையைப் பட்டி பட்டியாக வெட்டி, பிசின் தடவி, நுனியில் ஒன்றின்மேல் ஒன்றாக ஒட்டிக் காயவைப்பார். மாரி ஈரத்துக்குப் பிசின் இளகிவிடும். அதனால் மழை தொடங்கினால் உங்கள் வீட்டு அடுப்புக்கு மேல் சப்பாத்துகள் சோடி சோடியாகத் தொங்கும். பறங்கித் தெருவில் போகிறவர்கள் எட்டிப் பார்த்து, என்ன மீன் கருவாடு போட்டிருக்கிறீர்கள் என்று கேட்பார்கள். "கொழும்புக் கெளிறு" என்பார் அவர், நிமிராமலே.

பதினாறு வயதில் நீ கொழும்புக்குப் போனது தைக்கத்தான். ஒரு வெள்ளைக்காரச் சீமாட்டி நடத்திய பாலே நடன வகுப்புக்கு உடுப்புத் தைக்கிற வேலை. பின்வரிசையில் ஒரு பிள்ளை வராத நாட்களில் அந்த இடத்தில் உன்னை நிறுத்தினார்கள். அப்படியே பன்னிரண்டு வருடம் நின்றாய். வகுப்பின் கலைநிகழ்ச்சி வந்தால் மட்டும் உன் இடம் திரைக்குப் பின்னால், ஊசியும் நூலுமாக. மேடையில் ஒருநாளும் நீ ஏறவில்லை. இதை நீ முறைப்பாடாகச் சொன்னதில்லை. நான் கேட்டதற்குச் சொன்னாய், அவ்வளவுதான்.

நம் பாடசாலைக்கு நீ தையல் ஆசிரியையாக வந்தபோது நான் கல்லூரிப் படிப்பு முடித்து வந்து இங்கிலீசும் சங்கீதமும் படிப்பித்துக்கொண்டிருந்தேன். ஒரு பின்னேரம் மண்டபத்தில் பியானோ வாசித்துவிட்டுத் திரும்பிப் பார்க்க, வாவிப் பக்கத்து யன்னலடியில் நீ நுனிக்காலில் நின்றாய். எங்கள் ஆட்டக் குழு தொடங்கியது அங்கேதான். ஆட்டம் உன்னுடையது, கதையும் வாத்தியமும் என்னுடையவை என்று பிரித்துக்கொண்டோம். பிரித்தோமே தவிர, ஒருநாளாவது சண்டை பிடிக்காமல் இருந்தோமா? வள்ளி கதையை எடுத்து, தினைப்புனத்தை நம்மூர் வயல்வட்டையாக்கி, ஏழு பிள்ளைகளைக் கதிர் தின்ன வரும் கிளிகளாக்கினேன். கிளிகள் அதிகம் பேசுகின்றன, கொஞ்சம் பறக்கவும் விடு என்று என் எழுத்தில் பாதியை வெட்டினாய். அடவுகளின் பிரெஞ்சுப் பெயர்களைப் பிள்ளைகள் சொல்லத் திணறியபோது, "கிறுகு எண்டு சொல்லுங்க, போதும்" என்றாய். அன்றிலிருந்து ஒற்றைக்காலில் சுழலுவதற்கு எங்கள் குழுவில் கிறுகு என்றே பெயர்.

நீ அடிக்கடி சொன்னது ஒன்றுதான்: "ஏறுறது ஆருக்கும் ஏலும். இறங்கக்குள்ள சத்தம் கேட்கப்படாது."

பிள்ளைகளைச் சேர்த்தது நான். எட்டு வீட்டுக்கும் நடந்தேன். சபையில் பெண்பிள்ளை ஆடுவதா என்று எல்லா வீட்டிலும் ஒரே கேள்விதான். முருகன் கோயிலுள்ள சித்தாண்டியைச் சேர்ந்த பிள்ளையின் தகப்பன் மட்டும், மகள் முருகனாக வருகிறாள் என்றதும் கொஞ்சம் இளகினார். பாவாடை கணுக்கால் வரைக்கும் இருக்கும், நிகழ்ச்சி பின்னேரம் மூன்று மணிக்கு, பார்க்க வருவது பெண்கள் மட்டும், ஓர் ஆம்பிளையின் கண்ணும் படாது என்று எட்டு வீட்டிலும் வாக்குக் கொடுத்தேன். அந்த வாக்கால்தான் குழு உண்டானது. எனக்கு அதில் பெருமையும் இருந்தது, இப்போது ஒத்துக்கொள்கிறேன்.

வள்ளியாகத் தனியே நுனிக்காலில் நிற்க எந்தப் பிள்ளையும் பழகியிருக்கவில்லை. நீதான் ஆடவேண்டியதாயிற்று. "முருகனுக்குப் பதினாலு வயது, வள்ளிக்கு முப்பத்தஞ்சு. வேலோட வந்து அம்மா எண்டு கூப்பிடப்போறார்" என்று சிரித்தாய். ஆனால் அன்றைக்கு நீ தைத்த தையல் எல்லாம் கோணல்.

நிகழ்ச்சிக்கு மூன்று நாள் இருக்கும்போது கேட்டாய். கிளிச் சிறகு தைத்துக்கொண்டே, தலை நிமிராமல்.

"பப்பாவ ஒரு கதிரையில, ஆகப் பின்னால இருத்தலாமா?"

ஒருவரை விட்டால் மற்ற எட்டுத் தகப்பன்மாரையும் விடவேண்டும், கொடுத்த வாக்கு என்ன ஆகும் என்றேன். அவருக்குத் தனியாக ஒருநாள் ஆடிக் காட்டலாமே என்றும் சொன்னேன்.

"தனிய ஆடினா அது பழக்கம்தானே. நான் சனத்துக்கு முன்னால நிக்கிறதத்தான் அவர் பார்க்க வேணும் எண்டவர்." நூலைப் பல்லால் கடித்தாய். "ஓம், நீ சொல்லுறது சரிதான்."

ஒரே ஒரு முறைதான் கேட்டாய். இரண்டாம் முறை கேட்டிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன் என்று இத்தனை வருடமாக யோசிக்கிறேன். 

உன் ஆட்டத்துக்கு மண்ணும் ஆகாது, சீமெந்தும் ஆகாது என்று அவர்தான் முதிரைப் பலகையில் மேடைத்தளம் போட்டிருந்தார். வழுக்காமல் இருக்கக் குங்கிலியத்தைப் பொடித்து ஒரு சிரட்டையில் வைத்தார். அந்த வாரம் விடாத மழை. மண்டபம் வாவிக் கரையில். மேடைக்குக் கீழ் வெறும் மணல். நிகழ்ச்சியன்று காலையில் பார்த்தால் மேடையின் நடுக்கால் ஒன்று ஈர மணலில் புதைந்து, பலகை தாழ்ந்திருந்தது. அவரைக் கூப்பிட்டோம். ஆப்பு அடித்து நிமிர்த்தினார். ஆனால் ஏழு கிளிகளும் ஒன்றாகக் குதித்தால் ஆப்பு விலகும், அதைப் பிடிக்க ஓர் ஆள் வேண்டும் என்றார். பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார்:

"நான் கீழ கிடக்கிறன் டீச்சர். கீழ கிடந்தா ஆம்பிளைக் கண் படாதுதானே?"

குத்தலா, பகிடியா என்று இன்றும் விளங்கவில்லை. நான் சிரித்தேன். அதுதான் எனக்கு ஆறாதது. சிரித்துவிட்டு, சரி என்றேன்.

மூன்று மணிக்கு மண்டபம் நிறையப் பெண்கள். பாய் போட்டு இருந்தார்கள், மடியில் குழந்தைகள், கையில் வெற்றிலை. மேடையின் அடியைச் சுற்றித் தொங்கிய சீலைக்குள்ளே அவர் முதுகை நனைந்த மணலில் வைத்து, இரண்டு கையாலும் ஆப்பைப் பிடித்தபடி கிடந்தார். பியானோவில் இருந்த எனக்குச் சீலை விளிம்புக்கு அடியில் அவருடைய வெறுங்கால் மட்டும் தெரிந்தது.

கிளிகள் பறந்துபோன பிறகு வள்ளி தனியே நிற்கும் இடம் வந்தது. அங்கே நான் நான்கு எண்ணும் வரை வாத்தியத்தை நிறுத்தியிருந்தேன். நான்கு முடிந்தது. நீ இறங்கவில்லை. ஐந்து, ஆறு. என் கை கட்டைக்கு மேல் அப்படியே நின்றது. எட்டாவதில் இறங்கினாய். சத்தமே இல்லை. ஒரு கணம் மண்டபத்தில் மழைச் சத்தம் மட்டும். பிறகு கோயிலில் போடுவதைப் போலப் பெண்கள் குரவை போட்டார்கள். ஒருத்தி தொடங்க, மற்றவர்களும் சேர்ந்தார்கள். நீ பயந்துபோய் என்னைப் பார்த்தாய். உன் முகம் அப்படி மலர்ந்ததை அதற்கு முன்னும் பின்னும் நான் கண்டதில்லை.

சனம் கலைந்தபின் அவர் வெளியே ஊர்ந்து வந்தார். முதுகு முழுக்க மணல்; தலையில் குங்கிலியப் பொடி. உன்னைப் பார்த்துக் கேட்டார்:

"எல்லாரும் வந்து போன காலடி விளங்கினது, மகள். நடுவில ஓரிடத்தில மேல ஒரு சத்தமும் இல்ல. அப்ப என்ன செய்தாய்?"

"நுனிக்காலில நிண்டன் பப்பா."

"கனநேரம் நிண்டாய்" என்றார். பிறகு ஆப்பைக் கழற்றப் போய்விட்டார்.

அடுத்த முறை எல்லாருக்கும் என்று நாம் பேசிக்கொண்டோம். ஆண்களுக்கும் வாசல் திறப்போம், முன்வரிசையில் உன் பப்பா. நிகழ்ச்சித்தாள்கூட எழுதிவைத்தாய். வந்த கோடையில் அவர் கட்டில் கால் கடைந்துகொண்டிருக்கும்போது நெஞ்சைப் பிடித்தார், பின்னேரத்துக்குள் முடிந்துவிட்டது. பிறகு உலகத்தில் சண்டை தொடங்கியது. மண்டபத்தைப் பட்டாளத்துக்கு எடுத்தார்கள். முதிரைப் பலகையின் மேல் அவர்களுடைய அரிசி மூட்டைகள் அடுக்கியிருந்ததை நாமிருவரும் யன்னலால் பார்த்தோம். பிள்ளைகள் ஒவ்வொருத்தியாகக் கலியாணம் கட்டிப் போனார்கள். நீயும் மறுபடி தைக்கக் கொழும்புக்குப் போனாய். புறப்பட்ட அன்றும் என்மேல் ஒரு சொல் குறை சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

உன் செய்தி கேட்டு, முருகனாக ஆடியவளின் தாய் சித்தாண்டியிலிருந்து போன கிழமை வந்தா. பேச்சு அந்தப் பின்னேரத்துக்குப் போனது. மகளைக் கூட்டிப்போகப் பின்தங்கி நின்றதில், மேடைக்கடியில் சாமான் வைக்கிற வாசலால் அவர் ஊர்ந்து வந்ததை அன்று அவவும் கண்டிருக்கிறா.

"ஓடாவியார என்னத்துக்கு டீச்சர் கீழ கிடக்க விட்டநீங்க? எங்கட வீட்டுக் கதவு, கட்டில், தொட்டில் எல்லாம் அவர் செய்ததுதானே. அவர் வந்து இருந்தா ஆர் என்ன சொல்லப்போறா? எங்கட மனிசனே கதிரை எடுத்துப் போட்டிருப்பார். நீங்க ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாமே."

கேட்கவில்லை. எட்டு வீடு நடந்த எனக்கு, ஒன்பதாவது முறை நடந்து ஒரு சொல் கேட்கலாம் என்று தோன்றவில்லை. உனக்கு இதை எழுதியாவது அனுப்புவோம் என்று அன்றே கடதாசி எடுத்தேன். முகவரி எழுதப்போய்த்தான், நீ இல்லை என்பது மறுபடி நினைவுக்கு வந்தது.

பியானோ இன்னும் பாடசாலையில்தான் இருக்கிறது. மாரிக்கு இரண்டு கட்டைகள் ஒட்டிக்கொள்ளும். இன்று பிள்ளைகள் போனபின் சப்பாத்தைப் பக்கத்தில் வைத்துவிட்டு, வள்ளியை முதலிலிருந்து வாசித்தேன். அந்த இடம் வந்ததும் கையை எடுத்தேன். நான்கு எண்ணியும் தொடங்க முடியவில்லை. எட்டு எண்ணினேன். மேலே நீ நின்றாய். கீழே அவர் மூச்சை அடக்கிக்கொண்டு, என்ன நடக்கிறதென்று தெரியாமல் கிடந்தார். எட்டும் முடிந்தது. நீ இறங்கும் சத்தம் கேட்கவில்லை. அது கேட்காது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் கையைக் கட்டைமேல் வைக்காமல் இருந்தேன்.