ரகுராமின் கம்ப்யூட்டருக்கு ஒரு கார்டு

14 அக்டோபர் 2006, சனி

பள்ளிக்கூடம் அரை நாள். பாடம் நடத்திவிட்டு வந்ததும் என் வீட்டுக்காரருக்குக் கஞ்சி ஊட்டினேன். பாதி வெளியே வந்தது. வாயைத் துடைக்கும்போது ஏதோ சொன்னார். நாக்கு குழறுகிறது, மூன்றாம் முறைதான் புரிந்தது. கிராபிக்ஸ் கார்டு வாங்க வேண்டுமாம்.

நாலு வருஷமாக எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர் சும்மா இருக்கும் நேரமெல்லாம் ஏதோ வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்துக்காகக் கணக்குப் போடுகிறது. உடம்பிலுள்ள புரதங்கள் எப்படி மடிகின்றன என்ற ஆராய்ச்சி. உலகம் முழுக்க ஆயிரக்கணக்கான பேர் இப்படித் தங்கள் கம்ப்யூட்டரை இலவசமாகக் கொடுத்திருக்கிறார்கள். இப்போது கிராபிக்ஸ் கார்டிலேயே அந்தக் கணக்கைப் பல மடங்கு வேகமாகப் போடுகிற புது மென்பொருள் வந்திருக்கிறது. ஆனால் எல்லாக் கார்டிலும் ஓடாதாம்.

"உங்க வியாதிக்கு மருந்து கண்டுபிடிப்பாங்களா இதுல?"

"இல்ல. வேற வியாதிகளுக்கு."

"அப்ப எதுக்குங்க?"

"இப்போ நான் பண்ற வேலை இது ஒண்ணுதான் நிரு."

மோட்டார் நியூரான் வியாதி. ஜூனிலிருந்து இரண்டு கையும் எழவில்லை.

17 அக்டோபர், செவ்வாய்

லீவு போட்டுவிட்டு எஸ்.பி. ரோடு கம்ப்யூட்டர் கடைகளுக்குப் போனேன். கார்டின் பெயரைச் சீட்டில் எழுதி வைத்திருந்தேன். முதல் கடையில் கன்னடத்தில் "கொத்தில்ல மேடம்", தெரியாது என்று கையை விரித்தார்கள். அடுத்த கடையில், கம்பெனி அதேதான், நம்பர் மட்டும் வேறே, இதுவும் ஓடும் என்று ஒன்றைக் கையில் திணித்தார்கள். ஓடுமா, ஓடாதா? எனக்கு என்ன தெரியும்? இத்தனை வருஷம் அந்தப் பெட்டியைத் தூசி தட்டியதோடு சரி.

நாலாவது, பெருமாள்சாமி என்பவர் கடை. தமிழில் பேசினார். அழுகை வந்துவிட்டது, வெட்கக்கேடு. அவரிடம் கேட்ட கார்டே இருந்தது. "கேம் ஆடறதுக்கா மேடம்? பையனுக்கா?" என்றார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். ஏன் அப்படிச் சொன்னேன்? எங்களுக்குக் குழந்தையே இல்லை.

18 அக்டோபர்

பொருந்தவில்லை.

அவரை நாற்காலியோடு மேஜைக்குப் பக்கத்தில் தள்ளி வைத்து, அவர் சொல்லச் சொல்லப் பெட்டியைத் திறந்தேன். கார்டின் விளிம்பும் போர்டிலிருக்கும் ஸ்லாட்டும் வேறு வேறு. எங்கள் போர்டு பழசு. "நான்தான் மறந்துட்டேன்," என்றார். என்னைத் தேற்றச் சொன்னாரா, நிஜமாகவே மறந்தாரா?

11 நவம்பர், சனி

போர்டை மாற்றினால் பிராசசரை மாற்ற வேண்டும், மெமரியை மாற்ற வேண்டும், அப்புறம் பவர் சப்ளை போதாது. கடைசியில் பெருமாள்சாமியே எல்லாவற்றையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு அல்சூரில் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். கட்டிலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பையனைப் பற்றிக் கேட்கவில்லை.

சாயங்காலம் ஓடியது. திரையில் முடிச்சு முடிச்சாக ஒரு புரதம் நெளிந்தது. அவர் சிரித்தார். சிரிப்பு இன்னும் வருகிறது.

2 டிசம்பர்

பேச்சு போய்விட்டது. அட்டையில் எழுத்துகளை எழுதி ஒவ்வொன்றாகத் தொடுகிறேன். சரி என்றால் கண்ணை மூடுகிறார்.

9 ஜனவரி 2007

மூச்சு மெஷின் வாடகைக்கு வந்தது. பகலில் பார்த்துக்கொள்ள ரிச்சர்ட்ஸ் டவுனிலிருந்து நர்ஸ் பிரிஜெட் சிஸ்டர் வருகிறாள்.

8 பிப்ரவரி, வியாழன்

இன்று லீவில் வீட்டிலிருந்தேன்.

காலை பதினோரு மணிக்குக் கரண்ட் போனது. யு.பி.எஸ். நாலு தடவை கத்திவிட்டு அதுவும் அணைந்தது. மூச்சு மெஷினும் கம்ப்யூட்டரும் ஒரே யு.பி.எஸ்ஸில். நான் தேடித் தேடி வாங்கிய கார்டு அத்தனை கரண்ட் குடிக்கிறது. பிரிஜெட் கைப் பம்பை அவர் முகத்தில் வைத்து அழுத்திக்கொண்டே, "மேடம், கம்ப்யூட்டர் ஒயரைப் பிடுங்குங்க!" என்று கத்தினாள். பிடுங்கினேன். மெஷின் திரும்ப ஓட நாலு நிமிஷம் ஆனது. நாலு நிமிஷமும் அவர் கண் என்னையே பார்த்தது.

அப்புறம் கண்ணாலேயே அட்டையைக் கேட்டார். நி, று, த், து.

"கம்ப்யூட்டரைத்தானே? நிறுத்திட்டேங்க."

கண்ணை மூடவில்லை. மறுபடி எழுத்துகள். 'அது ஓடட்டும்.'

பார்வை மூச்சு மெஷின் பக்கம் போய் நின்றது. நிறுத்தச் சொன்னது அதை. புரிந்துவிட்டது. புரியாத மாதிரி அட்டையைக் கவிழ்த்து வைத்தேன். பாவி நான், பேச முடியாத மனுஷன் வாயைப் பொத்திட்டேனே.

9 பிப்ரவரி

கம்ப்யூட்டரை நேராகச் சுவர் பிளக்கில் மாட்டினேன். கரண்ட் போனால் நிற்கிறது, வந்தால் விட்ட இடத்துக்குக் கொஞ்சம் முன்னாலிருந்து ஆரம்பிக்கிறது. பெரிய யு.பி.எஸ். வேண்டுமென்று பெருமாள்சாமிக்குப் போன் செய்தேன். "காவிரித் தீர்ப்பு வந்ததுலேர்ந்து கடையே பாதி நாள்தான் மேடம். பந்த் முடியட்டும், சரக்கு வந்ததும் நானே எடுத்தாறேன்."

12 பிப்ரவரி, திங்கள்

பந்த். தெருவில் ஒரு ஆட்டோ இல்லை. பிரிஜெட் வர முடியவில்லை.

பல்கலைக்கழகம் அனுப்புகிற ஒவ்வொரு கணக்குக்கும் ஒரு கெடு உண்டு. தாண்டினால் வேறு யாருக்கோ கொடுத்துவிடுவார்கள். தொண்ணூற்றொரு சதவீதத்தில் இன்று கெடு தாண்டியது. திரையைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தேன்.

13 பிப்ரவரி

டாக்டர் வீட்டுக்கு வந்தார். தொண்டையில் ஓட்டை போட்டுக் குழாய் வைத்தால் கொஞ்ச காலம் ஓட்டலாம் என்றார். அட்டையை எடுத்தேன். இந்தத் தடவை கவிழ்க்கவில்லை. வே, ண், டா, ம். டாக்டருக்குக் கேட்கிற மாதிரி வாய்விட்டுப் படித்தேன். சரி என்று அவர் கண்ணை மூடினார்.

திரையைத் திரும்ப அவர் பக்கம் வைத்தேன். புதுக் கணக்கு ஒன்று, நாலு சதவீதம்.

16 பிப்ரவரி, வெள்ளி

காலை ஏழு இருபதுக்குப் போய்விட்டார்.

19 பிப்ரவரி

பெருமாள்சாமி யு.பி.எஸ்ஸைச் சுமந்துகொண்டு படியேறி வந்தார். வாசலிலிருந்த செருப்புகளைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார். "இன்னும் முந்தி வந்திருக்கணும்," என்றார். "இல்லண்ணா, அதனால இல்ல," என்றேன். பெட்டியைத் திரும்ப எடுத்துப் போகச் சொன்னேன்.

10 மார்ச், சனி

வாடகைக் கம்பெனி ஆள் வந்து மூச்சு மெஷினை எடுத்துப் போனார். கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். கம்ப்யூட்டருக்குப் பழைய யு.பி.எஸ்ஸே இப்போது போதும்.

இன்று மூன்று தடவை கரண்ட் போனது. கம்ப்யூட்டர் ஒரு தடவைகூட நிற்கவில்லை.