மலை முன்னால், கடல் பின்னால்

ஜூலை 2

அன்புள்ள அண்ணிக்கு,

நலமா என்று கேட்க மாட்டேன். கேட்டால் ‘இருக்கேன்’ என்று ஒரு வார்த்தை எழுதுவீர்கள், அதற்குத் தபால்தலை தண்டம்.

போனில் பேசலாமே என்று மறுபடி ஆரம்பிக்காதீர்கள். ரயில் நிலைய விசாரணைக் கவுண்டரில் எட்டு மணி நேரம் வாய் ஓயாமல் பதில் சொல்லிவிட்டு வருகிறேன். வீட்டில் போன் அடித்தால் ‘நாலாவது பிளாட்பாரம்’ என்றுதான் வாயில் வருகிறது. எழுதுங்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். டிசம்பரில் எனக்கு ஓய்வு. முப்பத்தோரு வருஷமாக ஊர் உலகத்துக்கெல்லாம் வழி சொன்னவள், இந்த நாட்டில் பாதியைக் கண்ணால் பார்த்ததில்லை. வெளியே சொன்னால் வெட்கக்கேடு. என் ரயில்வே பாஸில் என்னோடு இன்னொருவரும் வரலாம். அது நீங்கள்தான். அண்ணன் போய்ச் சேர்ந்த இந்த ஆறு வருஷத்தில் கண்ணாடிக் கடையை விட்டு நீங்கள் அசையவே இல்லை. லென்ஸ் தேய்த்துத் தேய்த்து அடுத்தவர் பார்வையைச் சரிசெய்தது போதும்.

திட்டம் தயார். ஆகஸ்ட் 27 கிளம்புகிறோம். விடுமுறைக் காலம் முடிந்து கூட்டம் வடிந்திருக்கும். முதலில் தெற்குக் கடற்கரை, நடுவில் மணல்காடு, கடைசியில் வடக்கு மலை. மொத்தம் பதினாறு நாள். ஆளுக்கு ஒரு பெட்டி, ஒரு ஸ்வெட்டர். மாற்றுக் கருத்து இருந்தால் எழுதலாம், ஏற்பேன் என்று வாக்குக் கொடுக்கவில்லை.

பட்டாசு

ஜூலை 11

அன்புள்ள பட்டாசுக்கு,

உன் கடிதத்தைக் கடையில் வைத்தே படித்துச் சிரித்தேன். கண் பரிசோதனைக்கு உட்கார்ந்திருந்தவர் எழுத்துப் பலகையை விட்டுவிட்டு என்னையே பார்த்தார்.

வருகிறேன். நீ கூப்பிட்டு நான் எதற்கு வராமல் இருந்திருக்கிறேன்? உன் அண்ணன் ஆஸ்பத்திரியில் கிடந்த நாற்பது நாளும் என்னை அதட்டிச் சாப்பிட வைத்தவள் நீ.

ஆனால் வழியைத் திருப்பிப் போடு. மலையை முதலில் வை. செப்டம்பர் இரண்டாம் வாரம் அங்கே மழை பிடித்துக்கொள்ளும், பாதையில் மண் சரியும். மணல்காட்டில் பகலில் நாற்பது டிகிரி கொளுத்தும், விடியற்காலை பதினெட்டுக்கு இறங்கிவிடும். கடற்கரைக்குக் கடைசியில் போனால் புழுக்கம் குறைந்திருக்கும். ஒரு ஸ்வெட்டர் பத்தாது.

அன்புடன்,
அண்ணி

ஜூலை 18

அன்புள்ள அண்ணிக்கு,

எனக்கே வழி சொல்கிறீர்களா? நானும் நாலு இடத்தில் விசாரித்தேன். நீங்கள் சொன்னதுதான் சரி, அதுதான் எரிச்சல். மலையை முன்னால் போட்டுவிட்டேன். விடுதியில் இரண்டு கட்டில் அறை சொல்லியாயிற்று. ஜன்னலோரக் கட்டில் எனக்கு.

ஒன்று கேட்க வேண்டும். தலையில் தூறல் விழுந்த பிறகு ‘மழையா?’ என்று அண்ணாந்து பார்க்கிற ஆள் நீங்கள். மண் சரியும், பதினெட்டு டிகிரி, இதெல்லாம் உங்கள் கைச்சரக்கு இல்லை. யார் சொல்லிக்கொடுக்கிறார்கள்?

பட்டாசு

ஜூலை 26

அன்புள்ள பட்டாசுக்கு,

கேட்டுவிட்டாய், சொல்லிவிடுகிறேன். சுற்றி வளைக்க எனக்குத் தெரியாது.

சொல்லிக்கொடுத்தவர் இங்கே வானிலை அலுவலகத்தில் மலைப் பிரிவைப் பார்த்துக்கொள்பவர். போன வருஷம் படிக்கும் கண்ணாடிக்காகக் கடைக்கு வந்தார். ஃபிரேம் லூசாகிவிட்டது என்று மூன்று தடவை வந்தார். மூன்றாவது தடவை ஃபிரேம் நன்றாகத்தான் இருந்தது. மனைவியை இழந்தவர், பிள்ளைகள் இல்லை. அக்டோபரில் பதிவு அலுவலகத்தில் கல்யாணம் செய்துகொள்ளப் போகிறோம்.

இது அனுமதி கேட்கும் கடிதம் இல்லை. ஐம்பத்து நான்கு வயதில் நன்றாக யோசித்து எடுத்த முடிவு. உன் அண்ணனை மறந்துவிட்டும் எடுக்கவில்லை. பயம் ஒன்றே ஒன்றுதான். உன் அண்ணனைக் கட்டிக்கொண்டதால்தான் நீ எனக்குக் கிடைத்தாய். இருபத்தெட்டு வருஷம் ஆயிற்று. இப்போது இன்னொருவரைக் கட்டிக்கொண்டால் நான் உனக்கு யார்?

இந்தப் பயணத்துக்கு அவரையும் அழைத்து வர ஆசை. அவர் வர வேண்டாம் என்று நீ நினைத்தால் நாம் இரண்டு பேரும் போவோம். நானும் வேண்டாம் என்றால் அதையும் எழுதிவிடு. வாயை மூடிக்கொண்டு மட்டும் இருந்துவிடாதே, அது உனக்குப் பழக்கமும் இல்லை.

கையெழுத்தை எப்படிப் போடுவது என்று தெரியாமல்,
நான்

ஆகஸ்ட் 9

பட்டாசு,

இரண்டு வாரம் ஆயிற்று. தபால்காரர் கடையைத் தாண்டிப் போகும்போதெல்லாம் கை வேலை நின்றுவிடுகிறது. நேற்று ஒருவருக்கு இடது கண் லென்ஸை வலது பக்கம் பொருத்திவிட்டேன். முடிவை மாற்றிக்கொள்ளப் போவதில்லை. உன்னை விடவும் மனசு வரவில்லை.

திட்டவாவது எழுது.

ஆகஸ்ட் 14

அன்புள்ள அண்ணிக்கு,

கோபம்தான். முழுசாகப் பதினாறு நாள் கோபம். அண்ணன் உட்கார்ந்த நாற்காலியில் யாரோ முன்பின் தெரியாதவர் வந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது. அழுதேன். கவுண்டரில் ஒருவருக்குத் தப்பான பிளாட்பாரம் சொன்னேன், முப்பத்தோரு வருஷத்தில் முதல் தடவை. ரயிலை விட்டுவிட்டு வந்து அவர் திட்டிய திட்டெல்லாம் நியாயமாக உங்களுக்குச் சேர வேண்டியது.

முந்தாநாள் உங்கள் ஊர் வானிலை அலுவலகத்துக்குப் போன் போட்டேன். நானேதான் போட்டேன், நம்புங்கள். மலைப் பிரிவுக்குக் கொடுங்கள் என்றேன், அவரே எடுத்தார். நான் யார் என்று சொல்லவில்லை, மலைக்குப் போகிற ஒருத்தி என்று மட்டும் சொன்னேன்.

“எத்தனாந்தேதிம்மா போறீங்க? முழங்கால் வலி ஏதாவது உண்டா? அப்ப மூணு மணிக்கு மேல வெளிய நடக்காதீங்க. சாரல் விழும், படியெல்லாம் வழுக்கும்.”

வேண்டுமென்றே கேட்டதையே கேட்டேன். நான்கு தடவை. நான்கு தடவையும் அப்போதுதான் முதல் முறை கேட்கிற மாதிரி பதில் சொன்னார். பதினொரு நிமிடம். என் பிழைப்பே அதுதான் அண்ணி, அதனால் எனக்குத் தெரியும். இரண்டாவது தடவையே நான் “போர்டைப் பாருங்க” என்று முகத்தைத் திருப்பியிருப்பேன்.

போனை வைக்கப் போகும்போது, “தனியாவா போறீங்க? கூட யாரும் வரலையா?” என்று கேட்டார்.

“எங்க அண்ணி வராங்க” என்றேன். யோசித்துச் சொல்லவில்லை. வாயில் அதுதான் வந்தது.

“அண்ணியா?” என்று ஒரு தடவை திருப்பிக் கேட்டார். பிறகு, “ரெண்டு பேரும் ஆளுக்கு ரெண்டு ஸ்வெட்டர் எடுத்துக்கங்கம்மா” என்றார். நான் யார் என்று புரிந்துதான் இருக்கும்.

அவரை அண்ணன் என்று கூப்பிட மாட்டேன், அது ஒரே ஆளுக்கு. ‘சார்’ என்று ஆரம்பிக்கிறேன், மூன்றாவது ரயில் மாறுவதற்குள் வேறு ஏதாவது அமையும். நீங்கள் எனக்கு யார் என்கிற கேள்வியை இன்னொரு தடவை கேட்டால் நிஜமாகவே பேச மாட்டேன்.

விடுதியில் இன்னொரு அறை சொல்லியிருக்கிறேன். நீங்களும் நானும் ஒன்றில், அவர் மற்றதில். கல்யாணம் அக்டோபரில்தானே. மூன்றாவது டிக்கெட் போட அவர் வயது வேண்டும், குறைக்காமல் எழுதி அனுப்புங்கள்.

உங்கள் நாத்தனார்